மேஜர் பரமேஸ்வரனைத் தேடிச் சென்னையில்

நவம்பர் 22, ராமாபுரம்

பாளையங்கோட்டையிலிருந்து நானும் என் அண்ணனும் சென்னைக்குப் புறப்பட்டதற்கு வீட்டில் சொன்ன காரணம் அவருடைய முழங்கால் வலி. அது பொய்யில்லை; இங்கே ஒரு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தோம். ஆனால் அந்த நேரத்தை நவம்பர் கடைசி வாரத்தில் வேண்டும் என்று கேட்டு வாங்கியதற்குக் காரணம் வேறு. 1987ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் தேதி யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் உயிர்விட்ட மேஜர் ராமசுவாமி பரமேஸ்வரனின் பெயர் இந்நகரில் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒருமுறை போய்வர வேண்டும் என்பது அண்ணனின் நெடுநாள் ஆசை. இராணுவத்தில் சரக்கு வண்டி ஓட்டுநராகச் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வுபெற்ற அவர், இந்திய அமைதி காக்கும் படையோடு இலங்கைக்குச் சென்றது அந்த மரணத்துக்கு அடுத்த ஆண்டில்தான். மேஜரை அவர் கண்டதே இல்லை. ஆயினும் தமிழ் பேசிய ஓர் அதிகாரி, தமிழ் பேசும் ஊரில், தமிழ் பேசியவர்களோடு போரிட்டு மாண்டார் என்ற கதையைக் கேட்டுக்கொண்டே அதே சாலைகளில் வண்டி ஓட்டிய ஒரு தமிழருக்கு அது மற்றவர்களின் கதையாக இருந்திருக்க முடியாது. இதை அண்ணன் எனக்கு விளக்கிச் சொன்னதில்லை. பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவள் நான். அவருடைய மௌனத்திலிருந்து நானாகப் புரிந்துகொண்டேன்.

காலையில் மழை விட்டிருந்தது. அக்காள் மகன் வீடு ராமாபுரத்தில் இருக்கிறது. மெட்ரோ வேலைக்காக மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் வைத்திருக்கும் தடுப்புகளுக்கிடையே ஆட்டோ ஊர்ந்தும் குதித்தும் வந்து சேர்வதற்குள் அண்ணனின் முழங்கால் மருத்துவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடமே சொல்லிவிட்டது. பேசிய தொகைக்கு மேல் ஓட்டுநர் 50 ரூபாய் கேட்டார். சாலையைப் பார்த்த பிறகு மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்குப் போகுமுன் தெருமுனை உணவகத்தில் பொங்கலும் வடையும் சாப்பிட்டோம். 75 ரூபாய். பொங்கல் நன்றாகக் குழைந்திருந்தது, மிளகும் குறைவில்லை. ஆனால் சாம்பாரில் இனிப்பு தட்டியது. திருநெல்வேலிக்காரர் முகம் சுளிப்பதைத் தொலைவிலிருந்தே கண்டுகொண்ட பரிமாறும் பையன், யாரும் கேட்காமலேயே ஒரு கிண்ணம் காரச் சட்னியைக் கொண்டுவந்து அண்ணன் இலையோரம் வைத்துவிட்டுப் போனான். சென்னையில் மனிதர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். பேசவில்லைதான், பார்த்துக்கொள்கிறார்கள்.

இரவு, அக்காள் மகன் அலுவலகத்திலிருந்து வந்ததும் எங்கள் திட்டத்தைக் கேட்டான். "பரமேஸ்வரன் யாரு, பெரிய மாமா? எனக்கு மேஜர் முகுந்த் தெரியும்" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. அண்மையில் வந்த திரைப்படத்தை அவன் இரண்டு முறை பார்த்திருக்கிறான். அண்ணன் வருத்தப்படாமல் முகுந்த் வரதராஜனைப் பற்றியே முதலில் பேசினார்: தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் இதழியல் படித்தவர், பரங்கிமலையில் பயிற்சி பெற்று 2006இல் ராஜபுத்திரப் படைப்பிரிவில் அதிகாரியானவர், 44ஆவது ராஷ்டிரிய ரைபிள்ஸில் இருந்தபோது 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் 31 வயதில் உயிர்நீத்தவர், அசோக சக்கரம் பெற்றவர், பெசன்ட் நகர் மயானத்தில் எரியூட்டப்பட்டவர். பிறகு, "அதே பயிற்சித் திடலுக்கு யார் பேரு வச்சிருக்காங்கன்னு தெரியுமா?" என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்கரத்தைப் பெற்ற தமிழர் ஒருவர் இருக்கிறார் என்பதே அவனுக்குப் புதிய செய்தியாக இருந்தது.

நவம்பர் 23, நந்தம்பாக்கம்

மருத்துவர் நேரம் நாளைக்குத்தான் என்பதால், வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். பரமேஸ்வரனுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும் போரில் இறந்தவனுக்கு ஒரு நகரம் எப்படி இடம் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, அண்ணனும் மறுக்கவில்லை.

1952இல் அமைக்கப்பட்ட இத்தோட்டத்தைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. தெற்கு, கிழக்கு இந்தியாவின் பல்வேறு இடுகாடுகளில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளை ஒன்றுசேர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். இன்று 856 பேர் இருக்கிறார்கள். பின்புறத்து நினைவுச் சுவரில் முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் உள்ளன. இந்தியாவின் மூலை முடுக்குகளிலுள்ள இடுகாடுகளில் புதைக்கப்பட்டு, நிரந்தரமாகப் பராமரிக்க இயலாமல் போன கல்லறைகளுக்கு உரியவர்கள் அவர்கள். இந்தப் பெருஞ்சாலையின் இரைச்சலைத் தாண்டி உள்ளே நுழைந்தால் வெட்டிச் சீராக்கிய புல்தரையும், வரிசை பிசகாத கற்களும், மழையில் நனைந்த பூச்செடிகளும் இருக்கின்றன. ஒவ்வொரு கல்லிலும் பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. இருபதைத் தாண்டி ஓரிரு ஆண்டுகளே ஆன வயதுகள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்ததால் ஒரு கட்டத்தில் வயதைப் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

அண்ணன் நிறுத்தவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். சாரல் வலுத்து மழையாகி, வரும் வழியில் 250 ரூபாய்க்கு வாங்கிய குடை முதல் காற்றிலேயே தலைகீழாகப் புரண்டு ஒரு கம்பியை இழந்தபோதும் அவர் ஒதுங்கவில்லை. தோட்டப் பணியாளர் ஒருவர் தம்முடைய கருவிகள் வைக்கும் கொட்டகையின் ஓரத்தில் எங்களை நிற்க வைத்து, அண்ணனுக்குக் கவிழ்த்துப்போட்ட வாளி ஒன்றை உட்காரக் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து இறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எப்போதாவது வருவதுண்டு என்றும், உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் நிழலுக்கு வருகிறார்கள் என்றும் சொன்னார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நிழல் தருவதும் தோட்டத்தின் வேலைதானே என்பது போலச் சொன்னார்.

எந்தப் பேரரசுக்காக இவர்கள் வந்தார்களோ அந்தப் பேரரசு இல்லை. எந்த நியாயத்தைச் சொல்லி அழைத்து வந்தார்களோ அதை இன்று இந்நகரில் யாரும் கேட்கப் போவதுமில்லை. இருந்தும் போரின் நியாயம் வேறு, போரில் இறந்தவனின் பெயர் வேறு என்று பிரித்துப் பார்க்கும் பக்குவம் இந்தப் புல்தரையில் இருக்கிறது. நமக்கு மிக அருகில் நடந்த ஒரு போரில் அந்தப் பிரிவினை நமக்குக் கைவரவில்லை என்பதே என் எண்ணம். வருகைப் பதிவேட்டில் அண்ணன் தம் பெயரோடு பழைய படை எண்ணையும் எழுதினார்.

நவம்பர் 24, பரங்கிமலை

மருத்துவர் எலும்புத் தேய்மானம் என்றார், மாடிப்படி ஏறாதீர்கள் என்றார், மாத்திரை எழுதினார். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மாடிப்படி ஏறாமல் சென்னையில் எப்படி வாழ்வது என்று அண்ணன் கேட்டதற்கு அவர் சிரித்தார்.

மதியம் மெட்ரோவில் போய் இறங்கிய நிலையத்தின் பெயரிலேயே அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் ஆங்கிலச் சுருக்கம் இருக்கிறது: ஓ.டி.ஏ – நங்கநல்லூர் சாலை. 1962 சீனப் போருக்குப் பிறகு அதிகாரிகள் போதவில்லை என்று உணர்ந்த அரசு குறுகிய காலப் பயிற்சிக்காகத் தொடங்கிய பள்ளி இது. பரமேஸ்வரன் 1971இல் சேர்ந்தபோது பயிற்சிப் பள்ளி என்றுதான் பெயர். 1988 முதல் அகாடமி. பம்பாயில் பிறந்து வளர்ந்து, அங்கே தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்து அறிவியல் பட்டம் பெற்ற அந்தத் தமிழ் இளைஞர் சென்னைக்கு வந்தது இங்கே பயிற்சி பெறத்தான். 1972 ஜூன் 16 அன்று மகார் படைப்பிரிவில் அதிகாரியாக வெளியேறினார். இப்பள்ளியில் பயின்று பரம்வீர் சக்கரம் பெற்ற முதல் அதிகாரி அவரே. அதனால்தான் ஆண்டுதோறும் பயிற்சி முடித்த இளைஞர்களும் இளம்பெண்களும் நிறைவு அணிவகுப்பு நடத்தும் திடலுக்குப் பரமேஸ்வரன் திடல் என்று பெயர். முகுந்த் அணிவகுத்ததும் அந்த மண்ணில்தான். அணிவகுப்பு முடிந்ததும் பெற்றோர் வந்து பிள்ளைகளின் தோளில் நட்சத்திரத்தைப் பொருத்துவார்கள். நாளிதழ்கள் அப்படத்தைத் தவறாமல் வெளியிடும். திடலின் பெயர் படத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் வரும்.

திடலைப் பார்க்க முடியாது என்பது எங்களுக்கு முன்பே தெரியும். எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் வெளியாட்களை விடமாட்டார்கள். இருந்தாலும் வாயில் வரை போனோம். காவலில் நின்ற இளைஞரிடம் அண்ணன் முன்னாள் படைவீரர் அட்டையைக் காட்டி இந்தியில் ஏதோ சொன்னார். அவர் மரியாதையாக நின்று கேட்டுவிட்டு, அதே மரியாதையோடு முடியாது என்று சொன்னார். எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. அண்ணனுக்கோ மிகுந்த திருப்தி. "விட்டிருந்தான்னா நானே அவன் மேல புகார் எழுதியிருப்பேன்" என்றார்.

திரும்பும் வழியில் சேற்றில் என் செருப்பின் வார் அறுந்தது. நிலையத்துக்கு வெளியே பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே அமர்ந்திருந்த செருப்புத் தைப்பவர் 30 ரூபாய் வாங்கிக்கொண்டு, அறுந்ததோடு அறாததையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார். எதிரே இராணுவப் பள்ளி இருக்கிறதே, திடலின் பெயர் தெரியுமா என்று அண்ணன் கேட்க, பையன்கள் அதிகாலையில் ஓடும்போது காலணிச் சத்தம் கேட்கும், பெயரெல்லாம் தெரியாது என்றார்.

நவம்பர் 25, சாலிகிராமம்

இன்று நினைவு நாள். இராணுவத்தினருக்கான குடியிருப்பு ஒன்று ஆற்காடு சாலையில் மேஜரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பரமேஸ்வரன் விகார் என்று முகவரி சொன்னால் அஞ்சல் வரும். ஆட்டோ வருவதற்குத்தான் பாடுபட வேண்டியிருந்தது. ஆற்காடு சாலையிலும் மெட்ரோ பள்ளம். வடபழனியிலிருந்து ஒரு வழி, திரும்ப ஒரு வழி, இடையில் நேற்றிருந்த வழி இன்றில்லை. ஓட்டுநர், "ஆர்மிக்காரங்க பிளாட்டா?" என்று கேட்டு ஏற்றிக்கொண்டு, தடுப்புகளைச் சுற்றிச் சுற்றி 220 ரூபாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

எதிர்ப்புறத் தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். தேநீர் 15 ரூபாய், மசால் வடை 12. வடை அப்போதுதான் எண்ணெயிலிருந்து வந்திருந்தது. கடலைப்பருப்பு ஒன்றிரண்டாக அரைபட்டு, சோம்பு மணத்தோடு, இப்பயணத்தில் நான் சாப்பிட்டவற்றுள் இதுவே சிறந்தது. அந்தக் குடியிருப்புக்கு ஏன் அப்படிப் பெயர் என்று கடைக்காரரிடம் கேட்டேன். "சாமி பேருதாம்மா. சிவன் பேரு" என்றார். அவர் தவறாகச் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. அண்ணன் கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, இன்றைக்கு என்ன நாள் தெரியுமா என்று தொடங்கி, அவருக்கும் அங்கே நின்றிருந்த உணவு விநியோக இளைஞர்கள் இருவருக்கும் முழுக் கதையையும் சொன்னார். நான் கேட்டறிந்த வரையில் அவர் இதைப் பொதுவில் சொன்னது இதுவே முதல் முறை.

அவர் சொன்னதை, நான் படித்தறிந்ததோடு சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேயும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். உடனே இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. முதல் வாரங்களில் மக்கள் மாலையிட்டு வரவேற்றார்கள். செப்டம்பர் 26 அன்று விடுதலைப் புலிகள் இயக்கத்தின் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் தொடக்கத்தில் பலாலியில் காவலிலிருந்த புலிகள் பன்னிரண்டு பேர் நச்சுக்குப்பி கடித்து மாண்டார்கள். அக்டோபர் 10 முதல் அமைதி காக்க வந்த படை, ஆபரேஷன் பவன் என்ற பெயரில் புலிகளோடு போர் செய்யும் படையாகிவிட்டது. அந்த ஆண்டுத் தீபாவளி நாளான அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அண்ணன் இதைச் சொல்லாமல் விட்டுவிடவில்லை. தேநீர்க் கடையில் நின்றுகொண்டு இதையும் சொன்னார். சொல்லும்போது குரலைத் தாழ்த்தவும் இல்லை.

அதற்கு ஐந்து வாரங்கள் கழித்து, நவம்பர் 24 இரவில், கந்தரோடையில் ஒரு வீட்டில் ஆயுதங்கள் இறக்கப்பட்டிருப்பதாகத் தகவல் வந்தது. 8ஆவது மகார் பட்டாலியனைச் சேர்ந்த பரமேஸ்வரன் தம் ஆட்களோடு தேடுதலுக்குப் போனார். தேடுதலை முடித்துத் திரும்பும்போது, 25ஆம் தேதி விடியுமுன், அவருடைய அணி பதுங்கியிருந்த புலிகளால் தாக்கப்பட்டது. விருது வாசகம் அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறது. அவர் நிதானம் இழக்காமல் தாக்கியவர்களைப் பின்புறமாகச் சுற்றி வளைத்து அவர்கள் மீது பாய்ந்தார். கைகலப்பில் ஒருவர் அவருடைய மார்பில் சுட்டார். சுட்டவரிடமிருந்தே துப்பாக்கியைப் பிடுங்கி அவரைச் சுட்டு வீழ்த்தினார். பலத்த காயத்தோடு, உயிர் பிரியும் வரை தம் ஆட்களுக்கு ஆணையிட்டுக்கொண்டே இருந்தார். எதிர்த்தரப்பில் ஐந்து பேர் இறந்தார்கள். மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் செலுத்திகளும் கைப்பற்றப்பட்டன. பரமேஸ்வரனுக்கு வயது 41. இலங்கை சென்ற அமைதிப் படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. அம்பேத்கரின் இடையறாத வற்புறுத்தலுக்குப் பின் 1941இல் தோற்றுவிக்கப்பட்ட மகார் படைப்பிரிவுக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்கரமும் அதுதான்.

இந்த விருதில் ஒரு முரண் உண்டு. ஆசிரியையாக இருந்த காலத்தில் நான் இதைக் கவனித்ததில்லை, அண்ணன்தான் எடுத்துக்காட்டினார். எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்குப் பரம்வீர் சக்கரம். அப்படியல்லாத இடத்தில் காட்டிய வீரத்துக்கு அசோக சக்கரம். இரண்டும் தத்தம் வரிசையில் முதலிடம் பெற்றவை. அமைதி காக்கும் படை என்று பெயர் சூட்டி அனுப்பிய அரசு, அதில் இறந்த அதிகாரிக்கு அமைதிக்கால விருதைத் தரவில்லை, போர்க்கால விருதைத்தான் தந்தது. யாழ்ப்பாணத்தில் நடந்தது போர் என்பதற்கு அரசே கையொப்பமிட்ட சான்றிதழ் அந்தப் பதக்கம் என்று நான் கருதுகிறேன். 1947 முதல் இன்று வரை 21 பேருக்கே கொடுக்கப்பட்டிருக்கும் அந்த வெண்கலத்தில் இந்திரனின் வச்சிராயுதம் நான்கு திசையிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை வடிவமைத்தவர் சாவித்திரி கானோல்கர் என்ற, சுவிட்சர்லாந்தில் பிறந்த பெண்மணி.

எனக்குக் கந்தரோடை என்ற பெயர் முதலில் அறிமுகமானது போரினால் அல்ல. பனைகளுக்கிடையே சிறு சிறு தூபிகள் கூட்டமாக நிற்கும் தொல்லியல் இடம் அது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மிகப் பழைய குடியிருப்புகளில் ஒன்று. வகுப்பில் அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். என் அண்ணன் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு அவ்வழியாகப் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் சொல்லியிருப்பேன்.

கடைக்காரர் கதையை முழுவதும் கேட்டார். விநியோக இளைஞர்களில் ஒருவருக்கு நடுவில் அழைப்பு வந்தது, போகும்போது, "தமிழாளு தமிழாளையேவா சார்?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார். அண்ணன் விடை சொல்லுமுன் அவர் போய்விட்டார். தேநீருக்கும் வடைக்கும் கடைக்காரர் பணம் வாங்க மறுத்தார். அண்ணன் வற்புறுத்திக் கொடுத்தார். இருவரும் சிறிது நேரம் நோட்டை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

குடியிருப்பின் வாயிலில் நாங்கள் அதிக நேரம் நிற்கவில்லை. காவலாளி நாற்காலி கொண்டுவந்து போட்டு, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். யாரையுமில்லை என்றோம். அண்ணன் எங்கள் வீட்டு மல்லிகையில் தொடுத்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டுவந்த பூவை எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தார். பிறகு அதைக் காவலாளியிடமே கொடுத்து, பெயர்ப் பலகையருகில் வைத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். அவர் காலணியைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டது எனக்கு வியப்பாக இருந்தது. அவரும் சிவன் என்றே நினைத்திருக்கக்கூடும்.

நவம்பர் 26, கடற்கரை

இரவு ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது. நேப்பியர் பாலத்தையடுத்து, காமராசர் சாலை தொடங்குமிடத்தில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்குப் போனோம். முதல் உலகப் போரில் நேச நாடுகள் பெற்ற வெற்றியைக் குறிக்க எழுந்து, இரண்டாம் உலகப் போரையும் ஏற்று, சுதந்திரத்துக்குப் பின் 1948 காஷ்மீர், 1962 சீனா, பாகிஸ்தான் போர்கள் என்று தன் கணக்கைக் கூட்டிக்கொண்டே வந்த சின்னம் இது. குடியரசு நாளில் ஆளுநர் இங்கேதான் மலர்வளையம் வைக்கிறார்.

மழை ஓய்ந்து, கடற்காற்று உப்புப் பிசுபிசுப்போடு வீசியது. சுண்டல் 30 ரூபாய். மாங்காய்த் துருவலைத் தாராளமாகப் போட்டுக் கொடுத்தார் ஒரு பாட்டி. மிளகாய் பஜ்ஜி 50 ரூபாய் என்று கேட்டதும் அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். வடக்கே துறைமுகத்தின் பளுதூக்கிகள் தெரிந்தன. அவற்றைப் பார்த்தபடிதான் 1990 மார்ச்சைப் பற்றிப் பேசினார்.

அந்த மாதம் 24ஆம் தேதி திருகோணமலையிலிருந்து கடைசி அணி கிளம்பியது. அண்ணன் அதற்குச் சில நாள் முன்பே வேறொரு கப்பலில் சென்னைக்கு வந்துவிட்டார். திரும்பிய படைக்கு இங்கே அளிக்கப்பட்ட வரவேற்புக்கு அன்றைய முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழரைக் கொன்ற படையைத் தம்மால் வரவேற்க இயலாது என்பது அவர் நிலைப்பாடு. வடநாட்டு நாளிதழ்கள் அதைக் கடுமையாகச் சாடின. தமிழ்நாட்டில் பலருக்கு அது சரியாகவே பட்டது. அண்ணன் துறைமுகத்திலிருந்து வெளியே வந்து பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் சீருடையோடு தேநீர் குடித்திருக்கிறார். பக்கத்தில் நின்றவர் சாதாரணமாகப் பேச்சுக் கொடுப்பது போல, அங்கே எத்தனை பேரைக் கொன்றாய் என்று கேட்டாராம். மாவு மூட்டையும் மண்ணெண்ணெயும் ஏற்றி ஓட்டியவன் என்று அண்ணன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாவு மூட்டை யாருக்குப் போனது என்று அடுத்த கேள்வி வந்திருக்கும் என்றார்.

முதலமைச்சர் வராதது பற்றி உங்களுக்குக் கோபமில்லையா அண்ணே என்று கேட்டேன். "அவரு வந்திருந்தா மட்டும் என்ன சொல்லியிருப்பாரு, ஏட்டி? சொல்றதுக்கு யாருகிட்டயும் ஒண்ணும் இல்ல" என்றார். இதில் எனக்கு உடன்பாடில்லை, அங்கேயே சொல்லவும் செய்தேன். மருத்துவமனையில் சுடப்பட்ட செவிலிக்கும் கந்தரோடையில் இறந்த அதிகாரிக்கும் சேர்த்து வருந்த ஓர் அரசால் முடியாதென்றால், அந்த இயலாமையைக் கொள்கை என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அந்தப் போரில் ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் இறந்தார்கள். அவர்களுடைய பெயர்களைப் பொறித்த நினைவிடம் ஒன்றை இலங்கை அரசு தன் நாடாளுமன்றம் இருக்கும் ஸ்ரீ ஜெயவர்த்தனபுர கோட்டே நகரில் கட்டியிருக்கிறது. இந்தியப் பிரதமர் போகும்போது அங்கே மலர்வளையம் வைக்கிறார். அந்தமானில் 21 தீவுகளுக்கு 2023இல் பரம்வீர் சக்கர வீரர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். பரமேஸ்வரனுக்கும் ஒரு தீவு. இலங்கையிலும் அந்தமானிலும் இடம் கிடைத்த பெயருக்கு, அவர் பயிற்சி பெற்ற நகரத்தில் அனுமதியில்லாமல் நுழைய முடியாத ஒரு திடலையும் ஒரு குடியிருப்பையும் தவிர வேறெதையும் எங்களால் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. முகுந்தை எல்லாருக்கும் தெரிந்திருப்பது முற்றிலும் நியாயம். காஷ்மீரில் இறந்தவரைப் பற்றிச் சென்னையால் தயங்காமல் பேச முடிகிறது. வீரத்தின் அளவில் இருவருக்கும் நான் வேறுபாடு காணவில்லை, இறந்த இடங்களில்தான் காண்கிறேன்.

எழும்பூரில் ரயிலுக்கு முன் அளவுச் சாப்பாடு, 130 ரூபாய். ரசம் நன்றாக இருந்தது. அண்ணன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு இப்போது பயணிகள் கப்பல் ஓடுகிறது, மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், மற்றபடி காங்கேசன்துறையில் இறங்கினால் கந்தரோடை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் என்று நான் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அங்கே போய் யாரென்று சொல்லிக்கொள்வது என்று கேட்டுவிட்டு மோர் வாங்கப் போனார். திரும்பி வந்து உட்கார்ந்ததும், பாஸ்போர்ட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். 1,500 ரூபாய் என்றேன். "போன தடவ அதெல்லாம் கேக்காமத்தான கூட்டிட்டுப் போனாங்க" என்றார்.